உள்ளே பூட்டிய கதவு

சண்டை போடவே தெரியாத மனிதரைச் சண்டைக்காரர் என்று எழுதிக் கொடுத்து, அவர் கையிலிருந்த பஸ் சாவியையும் பிடுங்கிக்கொண்ட அநியாயத்தில் போன வாரம் நின்றோம்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுநருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவர் வீட்டுக் காரில் போய்க்கொண்டிருந்தபோது, வழிவிடவில்லை என்று நடுரோட்டில் ஜீப்பை நிறுத்தி, வீல் ஸ்பேனரோடு இறங்கி வந்து அடித்தவனோ, 'அவர்தான் முதலில் கை நீட்டினார்' என்று புகார் கொடுத்துவிட்டான். சாட்சிக்குத் தன் கூட்டாளிகளையும் நிறுத்திவிட்டு ராஜா மாதிரி ஊர் சுற்றுகிறான். நாளைக் காலை பள்ளி நிர்வாகம் விசாரிக்கப் போகிறது. 'குழந்தைகள் ஏறும் வண்டியைக் கோபக்காரர் கையில் கொடுக்க முடியாது' என்று அவர்கள் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. வேறு எந்தப் பள்ளிக்கூடமும் அவரை ஸ்டியரிங் பக்கம் விடாது.

அன்றைக்குக் காரில் அவரோடு இருந்த ஒரே ஆள், மனைவியின் தம்பி. அவனோ, "பின் சீட்ல ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று போலீஸில் சொன்னதோடு சரி. அதன் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த லட்சணத்தில், இன்று மத்தியானம் ஓட்டுநரின் மனைவி சினிமாவுக்குப் போனாள்!

அவசரப்பட்டு அவளைத் திட்டாதீர்கள். பொழுது போகாமல் போனவள் இல்லை. பல் மருத்துவமனை ஒன்றில் டோக்கன் கொடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர்களை 'இதோ, இப்பக் கூப்பிடுவாங்க' என்று சமாளிப்பது அவள் பிழைப்பு. அவள் போகும் கிறிஸ்தவ சபையில் அவளுக்கு வேறு வேலையும் உண்டு. சபைப் பத்திரிகையில் மாதா மாதம் ஒரு பக்கம் சினிமா விமர்சனம் எழுதுகிறாள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் படத்தை வேதத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வாள். அதனால் சபையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் 'ஜட்ஜம்மா'.

பத்திரிகையை நடத்தும் போதகரம்மா காலையிலேயே போன் செய்திருந்தார்.

"ஜட்ஜம்மா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா வாலிபர் குழுவுல ஒருத்தர் பாக்கியில்லாம அந்தப் படத்தைப் பாத்துட்டாங்க. கதாநாயகன் கழுத்துல சிலுவை போட்டிருக்கானாம், விசுவாசத்துக்கு நல்ல சாட்சியாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போட்டுக் காட்டணும்ங்கிறாங்க. நீங்க பாத்து ஒரு வார்த்தை எழுதினாத்தான் அடங்குவாங்க. இன்னைக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

அவளுக்கும் அந்தப் படத்தின்மேல் ஒரு கண் இருந்தது. தம்பிதான் அதில் சத்தங்களுக்கெல்லாம் பொறுப்பு. குதிரை ஓடுகிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், எலும்பு முறிகிற சத்தம் என்று படத்துக்கு வேண்டியதை உண்டாக்கிக் கொடுப்பவன். திரையில் தனியாகத் தன் பெயர் வரும் முதல் படம். ஆனால் திருட்டுப்பயல் போனில் என்ன சொன்னான் தெரியுமா? "உனக்கு வேணாம்க்கா. ஒரே ரத்தம். உனக்குத் தலை சுத்தும்" என்றான். அக்காவின் தலைமேல் என்ன அக்கறை!

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதி இலவச விளம்பரம் தருவதாக இல்லை. கதை இதுதான். சாதுவான ஒருவன் காரை ஒரு லாரி உரசிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான், சாதுவுக்கு வெறி பிடிக்கிறது. அன்று முழுக்க ஊரையே துரத்தித் துரத்தி அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தம் கொடுத்து, 'மன்னிச்சிடும்' என்று மேலே பார்க்கிறான். பிறகு போடுகிறான் ஒரு போடு. தியேட்டர் கூரை பறக்கிறது.

'அடிக்கிறதுக்கு முன்னாடியே மன்னிப்புக்கு டோக்கன் வாங்கிடுறானே பாவி!' என்று ஜட்ஜம்மா பல்லைக் கடித்தாள். அந்தச் சிலுவையில் தொங்கியவர் தம்மை அடித்தவர்களுக்காக அல்லவா வேண்டிக்கொண்டார்? இவன் அதைச் சங்கிலியில் கோத்து, கை ஓங்குவதற்கு லைசென்ஸாக அல்லவா வைத்திருக்கிறான்? இதுவா சாட்சி? மனசுக்குள்ளேயே பாதி விமர்சனம் எழுதி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த ஹாரன் கேட்டது.

அவர்கள் வீட்டுப் பழைய காருக்கு 'ஆட்டுக்குட்டி' என்று பெயர். ஹாரனை அமுக்கினால் மற்ற கார்களைப்போலத்தான் ஆரம்பிக்கும்; கையை எடுக்கும்போது மட்டும் 'ம்ம்மே' என்று இழுத்து முடியும். மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று அவள் கணவரிடம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். 'குழந்தைங்களுக்குப் பிடிக்குது, இருந்துட்டுப் போகட்டும்' என்பார்.

அதே 'ம்ம்மே' இப்போது தியேட்டரின் நாலு சுவரிலிருந்தும் வந்தது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. 'அடப்பாவி, நம்ம ஹாரனைப் போட்டு ஒப்பேத்திட்டியா!' என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரையில் கதாநாயகன் யாரோ ஒரு மனிதனைக் காரிலிருந்து இறக்குகிறான். அந்த மனிதனின் முகத்தைக் காட்டவில்லை. செருப்புக் கால்கள் மட்டும் பின்னால் நகர்கின்றன. குரல் கேட்கிறது.

"வேணாம் தம்பி. கோபப்படாதீங்க தம்பி. எம்மேல தப்பிருந்தா மன்னிச்சிடுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

ஜட்ஜம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

ஓர் அடி. எலும்பு முறியும் சத்தம். அப்புறம், "ஆண்...டவரே" என்று முதல் பாதியை விழுங்கி மறு பாதியை இழுக்கும் ஒரு முனகல். தினமும் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, படுக்கப் போகும் முன் அவள் கணவர் அப்படித்தான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். அதில் அவள் ஏமாறுவாளா?

தியேட்டரில் விசில் பறந்தது. பின்வரிசையில் ஒரு கூட்டம், "கோபப்படாதீங்க தம்பீ!" என்று மூக்கால் பேசிக் காட்டிச் சிரித்தது. இன்னொருவன், "பிள்ளைப்பூச்சிடா!" என்றான்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது!"

"எதுக்குடா சிரிக்கிறீங்க?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அது நடிப்பு இல்லடா! நிஜமா ஒரு மனுஷன் அடிவாங்கறாரு! என் வீட்டுக்காரருடா அது!"

பிறகு யாரோ, "அக்காவுக்குப் படம் ரொம்ப ஏறிடுச்சுப்பா" என்றான். மறுபடியும் சிரிப்பு. சிரித்த முகங்களில் இரண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் அவள் பார்த்த முகங்கள். அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் படி தடுக்க வெளியே வந்தாள்.

வெளியில் வெயில் அடித்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை.

தம்பி வேலை செய்யும் அறைக்குள் நுழைந்தால் காயலான் கடைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். சுவர் முழுக்கப் பஞ்சு. தரையில் ஒரு தட்டில் ஜல்லி, ஒரு தட்டில் மணல், பக்கத்தில் ஆண் பெண் செருப்புகளும் பூட்ஸுகளும் ஒரு குவியல். மரச்சட்டத்தில் பொருத்திய ஒற்றைக் கார்க் கதவு. சின்ன வயதிலிருந்தே கண்ணில் பட்டதையெல்லாம் விரலால் தட்டி 'டொக்' என்று சத்தம் பார்ப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு 'டொக்கு' என்றே பெயர். இப்போதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு முட்டைக்கோஸை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தான். யாருடைய கழுத்தோ திருகப்படுகிறது போலும்.

அவள் ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா! நீ எங்க இங்க?"

"படம் பாத்துட்டு வரேன்."

முட்டைக்கோஸ் கீழே உருண்டது. "நான்தான் வேணாம்னு சொன்னேனே..."

"ஏன் சொன்னேன்னு இப்பத்தானே புரியுது. அது யார் குரல்டா?"

"எது?"

"டொக்கு, எனக்குக் கோபத்தைக் கிளப்பாத."

"யாரோ டப்பிங் பேசறவர்க்கா..."

"அந்த டப்பிங் பேசறவரோடதான்டா நான் குடும்பம் நடத்துறேன்!"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனையோ பேரை வச்சுக் கத்தவிட்டோம்க்கா. ஒருத்தன் கத்தினதும் டைரக்டருக்குப் பிடிக்கல. பொய்யா இருக்கு, பொய்யா இருக்குன்னு கத்துறார். கடைசி நாள். எங்கிட்ட இது இருந்துச்சு. முகம் தெரியாது, யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"யாருக்குத் தெரியப்போகுதா? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? உங்கத்தான் கையெலும்பு முறிஞ்ச சத்தத்துக்கு அங்க விசிலடிக்கிறாங்கடா! மன்னிச்சிடுங்கன்னு ஒரு மனுஷன் கெஞ்சறதைப் பிள்ளைப்பூச்சின்னு சிரிக்கிறாங்க! வித்துட்டியேடா!"

அவள் மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"இரு. அப்ப, அன்னைக்கு மழைச் சத்தம் பதியறேன்னு கார்ல உன் ரெக்கார்டர் ஓடிட்டிருந்திருக்கு."

அவன் குனிந்து முட்டைக்கோஸைப் பொறுக்கினான்.

"உங்கத்தான் முதல்ல கை நீட்டலைன்னு அதுல இருக்கும். அந்த ஜீப்புக்காரன் பேசினது இருக்கும். எல்லாம் இருக்கும்! நாளைக்கு அதைக் கொண்டுபோய்ப் போட்டா..." கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு அழுகையாய் வந்தது. "டேய், அவருக்கு பஸ் கிடைச்சிடும்டா! முழுசும் எங்க வச்சிருக்க? எடு!"

"அழிச்சிட்டேன்க்கா. வேண்டிய துண்டை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை அழிச்சிட்டேன்."

"யார்கிட்ட கதை விடற? அஞ்சாவது படிக்கும்போது நீ பதிஞ்ச குக்கர் விசிலை இன்னும் பத்திரமா வச்சிருக்க. சத்தத்தை அழிக்கிறவன் சவுண்டுக்காரனே இல்லைன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பாடம் நடத்துறவன் நீ. எடுடா!"

"இல்லக்கா..."

"எடுக்கிறியா இல்லையா?"

அவன் இரண்டடி பின்வாங்கினான். அவன் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தன. ஜட்ஜம்மாவும் குனிந்து பார்த்தாள். மேஜைமேல் இரும்புச் சத்தத்துக்காக அவன் வைத்திருந்த வீல் ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள்? அவளுக்கே தெரியாது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சிலுவைக்காரனுக்குத் தீர்ப்பு எழுதினவள் அவள்தான்!

ஸ்பேனரைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.

"போட்டுக் காட்டு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவன் கம்ப்யூட்டரில் எதையோ தேடி அமுக்கிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் தூறல் சத்தம். கண்ணாடி துடைப்பான் கிரீச்சிடுகிறது. கணவர் ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுக்கிறார். ஹாரன். பின்னாலிருந்து ஜீப்பின் உறுமல், பிரேக், கெட்ட வார்த்தைகள், காரை யாரோ காலால் உதைக்கிறார்கள். "நீ இரு மாப்ளே, நான் இறங்கிப் பேசிட்டு வரேன்." கதவு திறந்து மூடுகிறது. "வேணாம் தம்பி. கோபப்படாதீங்க தம்பி..."

ஓர் இடத்திலாவது அவர் குரல் உயரவில்லை. இது போதும், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவள் நினைத்த நேரத்தில், வெகு அருகில், காருக்குள்ளேயே, ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

டொக்.

அது என்ன சத்தம் என்று சவுண்டுக்காரன் வந்து விளக்க வேண்டியதில்லை. ஆட்டுக்குட்டியில் ஓட்டுநர் கதவின் பூட்டுக் குமிழை அமுக்கினால் அப்படித்தான் கேட்கும். பின் சீட்டிலிருந்து எட்டிக் கை நீட்டினால்தான் அது எட்டும்.

வெளியே அடி விழுகிறது. காலடிகள் தள்ளாடி காரை நோக்கி வருகின்றன. கைப்பிடியை யாரோ இழுக்கிறார்கள். திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டுகிறார்கள். "மாப்ளே... கதவைத் திற மாப்ளே..." மறுபடி தட்டுகிறார்கள். காருக்குள்ளே வேகவேகமாக மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்கப்புறம்தான், ஒன்றன்மேல் ஒன்றாக, மிச்ச அடிகள்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பயந்துட்டேன்க்கா." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "கை தானா போய் அமுக்கிடுச்சு. அப்புறம் திறக்கணும்னு நினைக்கிறேன், கை வரல. இதைப் போய் எப்படி நாளைக்கு அங்க..."

"அதனாலதான் வீட்டுப் பக்கமே வரலையா?"

"உங்க வீட்டுக் கூடத்துல ஆண்டவர் கதவைத் தட்டுற படம் மாட்டிருக்கேக்கா. அதை எப்படிப் பாப்பேன்?"

வேறொரு நாளாக இருந்தால் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இன்று முடியவில்லை. "வெளிய தட்டினது உன் அத்தான்டா" என்றாள். அதற்குமேல் அங்கே நின்றால் மறுபடி எதையாவது தூக்குவோம் என்று பயந்து இறங்கிவிட்டாள்.

வீட்டில் ஓட்டுநர் ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையால் கிழங்கை மேஜையோடு அழுத்திக்கொண்டு, நல்ல கையால் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போயிருந்தது.

"படம் எப்படி? தேறுமா?" என்றார்.

அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. தியேட்டரில் ஆரம்பித்து அந்த 'டொக்' வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

"பூட்டினது எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக.

"என்னது?"

"கண்ணாடி வழியா பாத்தேன்ல. அவன் மூஞ்சியைப் பாத்திருந்தா நீ இப்படிக் கத்த மாட்ட. வெளிறிப்போய்க் கிடந்தான் பாவம்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? போலீஸ் கேட்டப்பவும்? நான் ராத்திரி ராத்திரி அழுதப்பவும்?"

"சொன்னா என்ன ஆகும்? அத்தானை வெளிய விட்டுக் கதவைப் பூட்டினவன்னு பேர் வாங்குவான். இன்னும் கல்யாணம்கூட ஆகல. அவன் சத்தத்தை வச்சுத்தான் பொழைக்கணும். எனக்கென்ன, பஸ் போனா சைக்கிள்ல ரொட்டி விப்பேன்."

"ஓஹோ! பெரிய புனிதர்!" அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. "ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார், சரி. அடிச்சவன் பொய் சொல்லும்போது வாயையும் மூடிக்கோன்னு எங்க சொன்னார்? உங்க மன்னிப்புக்கு நானும் நம்ம வீடும் பலியா? தினம் காலையில ஜன்னல்கிட்ட நின்னு வேற யாரோ உங்க பஸ்ஸை ஓட்டிட்டுப் போறதைப் பாத்துட்டு நிக்கிறீங்களே, அது எனக்குத் தெரியாதா?"

அது அவருக்கு வலித்தது. முகம் திரும்பியது.

"அவனா வந்து சொல்லட்டும்" என்றார். "நாம இழுத்துட்டு வந்து நிறுத்தக் கூடாது. அவனா வரணும்."

"வந்து கிழிச்சான்! கல்லுளிமங்கன் மாதிரி இத்தனை நாள் இருந்தவன் இன்னைக்கு வரப்போறானா?"

"பொழுது சாயறதுக்குள்ள கோபத்தை இறக்கி வைன்னு நீதானே ஞாயிறு வகுப்புல பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற?"

"இறக்கி வைக்கத்தான் போறேன். எங்க இறக்கணுமோ அங்க!"

படுக்கையறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு செல்போனை எடுத்தாள். விமர்சனத்துக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. விரல் தானாக ஓடியது.

'வாலிபப் பிள்ளைகளே, இந்தப் படத்தில் சிலுவை இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கிறது. கதாநாயகன் கழுத்தில் இல்லை. முகம் காட்டப்படாமல் அடிவாங்கும் அந்த மனிதர் சுமக்கிறார். நீங்கள் விசிலடித்த அந்த முனகல் நடிப்பல்ல. அது என் கணவருடையது. அடிக்கிறவனை ரசிக்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த படம், மன்னிப்புக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டது. அந்தக் குரலைத் திருடி விற்றவன் என் தம்பி. உங்களோடு வாலிபர் குழுவில் உட்கார்ந்து பாடுகிறவன்தான். அவர் அடிபடும்போது காருக்குள்ளிருந்து கதவைப் பூட்டிக்கொண்டவனும் அவனே...'

எழுதி முடித்து ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை. போதகரம்மாவுக்கு அனுப்பினாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினது மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்ச உருளைக்கிழங்கை உரிக்கலாம் என்று கூடத்துக்கு வந்து செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

அப்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அழைப்பு மணி இருக்கும்போது விரல் மடக்கித் தட்டுகிற ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான்.

கணவர் எழுந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கதவருகே போய், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். திறக்கவில்லை.

"யாரு?"

"நான்தான்க்கா."

"கையில என்ன கொண்டு வந்திருக்க?"

"எல்லாத்தையும். முழுசா."

"பூட்டின சத்தமும் இருக்கா?"

வெளியே செருப்பு தரையில் தேய்ந்தது. "இருக்கு. எதையும் வெட்டல."

"பாவம், திறயேன்டி" என்றார் கணவர் பின்னாலிருந்து. அவர் குரல் உடைந்திருந்தது.

அவள் திறந்தாள். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கூடத்துச் சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நேராக அத்தானிடம் போய் அந்த மாவுக்கட்டில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஓட்டுநர் நல்ல கையால் அவன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், பஸ்ஸில் தூங்கிப்போன பிள்ளையை எழுப்புவது மாதிரி.

அக்கா கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள்.

டொக்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க?" சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "விடிஞ்சு விசாரணைக்குக் கிளம்புற வரைக்கும் இவன் இந்த வீட்டை விட்டு வெளிய போகப்போறதில்ல. நடுவுல மனசு மாறி ஓடிட்டான்னா?"

கணவர் சிரித்துவிட்டார். அடிபட்ட நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓட மாட்டேன்க்கா" என்றான். "நாளைக்கு விசாரணை ரூம்ல நானே எந்திரிச்சு நின்னு சொல்லிடறேன். பயந்து பூட்டினது நான்தான், அத்தான் கை நீட்டவே இல்லைன்னு. அப்புறம் போட்டுக் காட்டறேன். ஆனா ஒண்ணு..."

"என்ன?"

"அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. நம்ம சபைப் பசங்ககிட்டகூட. வேற எதைச் சொன்னாலும் பரவாயில்ல. இது மட்டும் முதல்ல என் வாயால வரணும். இன்னொருத்தர் சொல்லித் தெரிஞ்சா, அந்த ரூமுக்குள்ள காலடி எடுத்து வைக்க என்னால முடியாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் கண் செல்போன் பக்கம் போனது. கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷம் பஸ்ஸின் கண்ணாடியில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே விஷமம் கண்டுபிடித்த மனிதர் அல்லவா? அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீ விமர்சனத்துல இதை எழுதி அனுப்பிடலையே?" என்றார் தணிந்த குரலில்.

மேஜைமேல் கிடந்த அவள் செல்போன் மினுங்கியது. போதகரம்மா.

'படிச்சேன் ஜட்ஜம்மா. கண்ணீர் நிக்கல. ஒரு எழுத்தும் மாத்தாம அச்சுக்குக் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்னு வாலிபர் குழுவுல எல்லாருக்கும் இப்பவே அனுப்பிட்டேன்.'

அவள் செல்போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். இடுப்பில் இருந்த சாவி குத்தியது.

"என்னக்கா? யாரு?" என்று கேட்டான் தம்பி.

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன், அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை.